அம்மி இங்கே, குழவி அங்கே: முள்ளியவளையிலிருந்து வவுனியாவுக்கு வீடு மாறக் கணக்குப் போட்ட கதை

முள்ளியவளையிலிருந்து வவுனியாவுக்குச் சாமான் ஏற்ற ஒரு லொறிக்கு என்ன கேட்பார்கள் என்று விசாரிக்கத்தான் தண்ணீரூற்றுச் சந்திக்குப் போனேன். லொறிக்கார அண்ணை விலை சொல்லவில்லை. "தம்பி, முழுவீடா, அரைவீடா?" என்று திருப்பிக் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். அவள் மாமியைப் பார்த்தாள். மாமி அம்மியைப் பார்த்தார்.

நிலைமை இதுதான். மனைவி ஆசிரியை. ஐப்பசி கடைசியில் இடமாற்றக் கடிதம் வந்தது. ஜனவரியில் வவுனியாவில் கடமையேற்க வேண்டும். பிள்ளைகள் இருவரும் தாயோடு போய் அங்கேயே படிப்பதென்று முடிவாயிற்று. எனக்குத் தண்ணிமுறிப்புக் குளத்தின் கீழ் வயல். காலபோகம் விதைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீடு மாமியுடையது. இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த 550,000 ரூபாய் போதாமல், கையிலிருந்த ஒரு சோடிக் காப்பையும் விற்றுக் கட்டிமுடித்த வீடு. உத்தியோகம் ஓரிடத்தில், வயல் ஓரிடத்தில், பள்ளிக்கூடம் இன்னோரிடத்தில் என்று கிடக்கும் குடும்பங்கள் வன்னியில் நிறைய. அவர்களில் யாராவது அடுத்த கடிதத்தோடு முழித்துக்கொண்டிருக்கலாம் என்பதால் நாங்கள் எடைபோட்டுப் பார்த்ததை எழுதுகிறேன்.

எல்லோரும் வாகனத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். லொறியைப் பேசிவிட்டுப் பிடிக்கிற அளவுக்குச் சாமானை ஏற்றுகிறார்கள். லொறி பெரிதென்றால் மாட்டுக்கொட்டிலின் பழைய தகரமும் ஏறிவிடும். சந்தியில் கேட்ட அந்தக் கேள்விதான் எங்களை மறுபக்கத்திலிருந்து தொடங்க வைத்தது. எவ்வளவு வீடு போகிறது என்று முதலில் தீர்ந்தால், எதில் போவது, எப்போது போவது என்பவற்றில் பாதி தானாகத் தீர்ந்துவிடுகிறது.

முழுவீடாகப் போவதில் நியாயம் இருக்கிறது. ஓர் அடுப்பு, ஒரு மின்கட்டணம், ஒரு சந்தைப் பை. பூட்டிவைத்த வீடு ஆளில்லாமல் நிற்கவும் நிற்காது. முதல் மழையோடு கறையான் கதவுநிலையில் ஏறும், வௌவால் கூரைக்குள் குடியேறும், உள்ளே நெல்மூடை கிடந்தால் யானை சுவரையே வாசலாக்கிக்கொள்ளும். வாடகைக்குக் கொடுக்கலாமே என்பார்கள். கிராமத்தில் வீட்டை வாடகைக்கு எடுப்பவர் ஒரு வங்கி உத்தியோகத்தராகவோ தாதியாகவோ அமைந்தால் உங்கள் அதிர்ஷ்டம், பெரும்பாலும் அமைவதில்லை. காணி அனுமதிப்பத்திரக் காணி என்றால் இன்னொரு கவனமும் வேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த காணியை, இருந்து பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் தருகிறார்கள். உறுதிக்காணிக்காரருக்கு இந்தக் கவலை இல்லை. மற்றவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகுமுன் பிரதேச செயலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

அரைவீடு என்றால் இரண்டு அடுப்பு. வெள்ளிக்கிழமை பின்னேர பஸ், திங்கட்கிழமை விடியற்கால பஸ். இரண்டு இடத்திலும் உப்பு வாங்க வேண்டும், ஓர் இடத்தில் தனியாகச் சாப்பிட வேண்டும். செலவுக் கணக்கை மட்டும் பார்த்தால் அரைவீடு தோற்றுவிடும். ஆனால் விதைத்த வயலை விட்டு நடுப்போகத்தில் யாரும் வெளிக்கிட முடியாது. அறுவடை முடியும் வரையாவது எங்களுக்கு அரைவீடுதான் சரி என்று எனக்குப் பட்டது. மாமிக்குப் படவில்லை.

வன்னியில் இந்தத் தராசு எப்போதும் முழுவீட்டுப் பக்கமே சாய்கிறது. ஏன் என்று எங்களிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை. 2008 கடைசியில் போர் நெருங்கி நாங்கள் முள்ளியவளையை விட்டு வெளிக்கிட்டபோது ஓர் உழவு இயந்திரப் பெட்டியில் கூரைத்தகரம், கதவு, தையல் இயந்திரம், நெல் எல்லாம் ஏற்றினோம். போன இடமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவைத்தோம், பிறகு வந்து எடுக்கலாம் என்று. செட்டிகுளத்து முகாமில் போய் விழுந்தபோது மிஞ்சியது பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள் இருந்த பையும் ஒரு கேத்திலும். மீள்குடியேற வந்தபோது வளவில் பற்றைக்குள் அம்மி மட்டும் கிடந்தது. தூக்கச் சோம்பலாக இருந்திருக்கும் என்பது என் கருத்து. குழவியைக் காணவில்லை. இப்போதிருக்கும் குழவி பிறகு தேடி வாங்கியது. அம்மியோடு முழுதாகப் பொருந்தாது, ஓர் ஓரம் அரைபடாது.

"பிறகு வந்து எடுக்கலாம் என்று எனக்குச் சொல்லாதீர்கள் தம்பி" என்றார் மாமி. வீடு மாறுவதைப் பற்றி நாங்கள் பேசியதெல்லாம் அவர் காதில் இடம்பெயர்வு என்றே விழுந்தது. நான் வாதாடவில்லை. ஒரு கொப்பியை எடுத்து நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் போவது, அந்தப் பக்கம் நிற்பது என்று எழுதத் தொடங்கினேன். நான்கு நாள் எழுதினோம். மாமி இரவில் எழுந்து சிலவற்றை வெட்டி மற்றப் பக்கம் எழுதிவைத்தார். அப்படி இழுபட்டு வந்த பட்டியல்தான் பிறகு வாகனத்தைத் தீர்மானித்தது. ஆகவே சொல்கிறேன்: கொப்பிக்கு நான்கு நாள் கொடுங்கள், லொறி பேச ஒரு நாள் போதும்.

போகும் பக்கத்தில் நின்றவை: இரண்டு கட்டில், ஓர் அலுமாரி, பிள்ளைகளின் மேசை, நான்கு பிளாஸ்டிக் கதிரை, குளிர்சாதனப் பெட்டி, தையல் இயந்திரம், எரிவாயு அடுப்பு, சமையல் பாத்திரங்களில் பாதி, துணிமணி, புத்தகம், அரிசி. பாலைமரக் கட்டில் ஒன்று முதலில் அந்தப் பட்டியலில் இருந்தது. அதை நால்வர் தூக்க வேண்டும். வாடகை வீட்டின் அறைக்கதவால் உள்ளே போகுமா என்று அளந்தால் போகாது. அது நின்றுவிட்டது. ஏற்றுமுன் இரண்டு பக்கக் கதவையும் அளக்காமல் சாமான் கொண்டுபோன ஒருவரின் அலுமாரி ஒரு மாதம் விறாந்தையில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

அரிசி என்று எழுதியிருக்கிறேன், நெல் என்று எழுதவில்லை. இதுவும் ஒரு கணக்கு. ஒரு நெல்மூடை ஏறத்தாழ 70 கிலோ. வருடச் சாப்பாட்டுக்கு வைத்திருக்கும் பத்து மூடையை அப்படியே ஏற்றினால் 700 கிலோ. ஒரு சின்ன வாகனம் அதோடு நிறைந்துவிடும். ஊர் மில்லில் குற்றி அரிசியாக்கினால் எடையில் மூன்றில் ஒரு பங்கு உமியாகவும் தவிடாகவும் இங்கேயே நின்றுவிடும். அதிலும் மூன்று மாதத்துக்குத் தேவையானதை மட்டும் கொண்டுபோனோம். மிச்ச நெல் என்னோடு.

இனி வாகனம். ஊரில் எவரும் முதலில் சொல்வது உழவு இயந்திரத்தைத்தான். மச்சானிடம் ஒன்று இருக்கிறது. டீசல் மட்டும் அடித்தால் போதும் என்றான். படலைக்குள் வந்து வாசலிலேயே நிற்கும், சேற்றுக்கும் மணலுக்கும் அஞ்சாது, எங்கள் ஒழுங்கையில் கார்த்திகை மழைக்குப் பிறகு நுழையக்கூடியது அது ஒன்றுதான். ஆனால் பெட்டிக்கு அதிர்வு தாங்கும் வில் கிடையாது. வீதியில் ஒரு சிறு பள்ளம் வந்தாலும் அது நேரே அலுமாரியின் மூட்டுக்குப் போகும். மாங்குளம் வழியாக 80 கிலோமீற்றருக்கு மேல். உழவு இயந்திரத்தின் நடைக்கு நான்கைந்து மணித்தியாலம், ஏ9 வீதியில் பின்னால் பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டே வரும். ஒட்டுசுட்டானுக்கோ குமுழமுனைக்கோ மாறுகிறவர் வேறொன்றையும் யோசிக்க வேண்டாம், உழவு இயந்திரமே போதும். வவுனியாவுக்குக் குளிர்சாதனப் பெட்டியோடு என்றால் வேண்டாம். இரண்டு சில்லு லான்ட்மாஸ்டரைப் பற்றிப் பேசவே தேவையில்லை. அது பக்கத்து ஒழுங்கைக்கு.

டிப்பரை ஒருவர் பரிந்துரைத்தார். மணல் இறக்கிவிட்டு வெறுமையாக நிற்கும்போது மலிவாக வருவார்களாம். இரும்புத் தரை, மூலை முழுக்க மணல், ஏற்றுவதென்றால் தலைக்கு மேலே தூக்க வேண்டும். ஓட்டுநர் பழக்கதோஷத்தில் பெட்டியை நிமிர்த்திவிட்டால் இறக்கும் வேலை மட்டும் சுலபமாக முடியும்.

உண்மையான போட்டி பட்டா என்கிற குட்டி லொறிக்கும் பதினாலரை அடி லொறிக்கும்தான். பதினாலரை அடியில் ஒரு முழுவீடு ஒரே ஓட்டத்தில் போகும். கட்டிலைக் கழற்றாமலே ஏற்றலாம். தறப்பாள் கட்டினால் மழையும் பெரிதாகப் படாது. ஆனால் அது வீட்டுக்கு வரவேண்டுமே. ஒழுங்கையில் மாமரக் கொப்பு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, வீதியிலிருந்து வீட்டுக்கு இழுத்த மின்கம்பி எந்த உயரத்தில் தொங்குகிறது, வாய்க்கால் மதகு பாரம் தாங்குமா, திரும்ப இடமிருக்கிறதா என்று முதல்நாளே நடந்து பார்க்க வேண்டும். முன்னொரு முறை நாங்கள் மாறியபோது லொறி ஒழுங்கை வாசலில் நின்றுவிட்டது. 200 மீற்றர் தூரம் எல்லாவற்றையும் தோளில் சுமந்தோம், ஓட்டுநர் காத்திருந்த நேரத்துக்குக் காசு கேட்டார். கேட்டதில் பிழையில்லை, நாங்கள்தான் பார்த்திருக்க வேண்டும்.

பட்டா சின்னது. முக்கால் தொன்னுக்கு மேல் ஏற்றினால் பின்சில்லு சொல்லிவிடும். கட்டிலைக் கழற்ற வேண்டும், அலுமாரியைப் படுக்கவைக்க வேண்டிவரும். ஆனால் சேறில்லாவிட்டால் எந்த ஒழுங்கைக்கும் வரும், வாடகை லொறியின் வாடகையில் ஒரு பகுதிதான், சாமானைத் தூக்கி ஏற்ற உயரமும் குறைவு. முழுவீட்டுக்குப் பட்டா பிடித்து மூன்று ஓட்டம் ஓடுகிறவர் லொறியைவிடக் கூடுதலாகக் கொடுப்பார். அரைவீட்டுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு ஓட்டம். எங்கள் கொப்பியின் போகும் பக்கம் ஒரு பட்டாவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் ஒரு லொறிக்குப் பாதியாகவும் இருந்தது. இந்த இடைவெளியில்தான் கூலியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

வாகனக்காரர் போகும் தூரத்துக்கு மட்டும் கூலி போடுவதில்லை. வெறுமையாகத் திரும்பிவரும் தூரமும் அதற்குள் இருக்கிறது. எனவே எந்தப் பக்கம் எந்தக் காலத்தில் லொறிகள் வெறுமையாக ஓடுகின்றன என்று தெரிந்தவர் மலிவாக மாறுவார். சாதாரண நாட்களில் சீமெந்து, தகரம், கடைச்சாமான், மரக்கறி எல்லாம் தெற்கிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் உள்ளே வருகின்றன. அந்த லொறிகள் திரும்பிப் போகும்போது வெறுமை. அவற்றில் ஒன்றைப் பிடித்தால் ஒரு பட்டாவின் கூலிக்கு ஒரு லொறியே கிடைக்கும். தை, மாசியில் இது தலைகீழ். நெல் ஏற்ற லொறிகள் வெறுமையாக உள்ளே வந்து நிறைந்து வெளியே போகும். அப்போது வவுனியாவிலிருந்து முள்ளியவளைக்கு மாறுகிறவருக்கு யோகம். இங்கிருந்து போகிறவருக்கு லொறியே கிடையாது, கிடைத்தாலும் நெல்லுக்கார முதலாளியோடு விலையில் போட்டிபோட வேண்டும். உழவு இயந்திரங்களும் அப்போது வயலில். மீன் ஏற்றிப் போகும் வாகனமும் இருக்கிறது, அதுவும் மலிவு. மெத்தையோடு மட்டும் அதில் ஏறாதீர்கள்.

திரும்பு ஓட்டத்தின் சிக்கல், நாள் உங்கள் கையில் இல்லை. "நாளைக்கு வருகிறேன்" என்பார், நாளைக்குப் பொருள் இறக்கி முடியாமல் மறுநாள் வருவார். சாமானைக் கட்டிவைத்துக்கொண்டு இரண்டு நாள் பாயில் இருந்து தேநீர் குடிக்கத் தயார் என்றால் அது நல்ல வழி. நல்லநேரம் பார்த்து வெளிக்கிட வேண்டும் என்கிறவருக்குச் சரிவராது.

ரயிலைப் பற்றி ஒரு வரி. மாங்குளத்தில் நிலையம் இருக்கிறது, பொதி அனுப்பலாம். ஆனால் முள்ளியவளையிலிருந்து மாங்குளம் வரை ஏற்றி, இறக்கி, வவுனியா நிலையத்தில் மீண்டும் ஏற்றி இறக்குவது வீண். கிளிநொச்சி நகரிலிருந்து கொழும்புக்கு மாறுகிறவர் யோசிக்கலாம்.

காலம் பார்ப்பதில்தான் எங்கள் வீட்டில் சண்டையே வந்தது. வீடு மாற வன்னியில் மிகச் சிறந்த காலம் ஆவணியும் புரட்டாதி முற்பகுதியும். ஒழுங்கை காய்ந்து கல்லாகக் கிடக்கும், லொறிகள் சும்மா நிற்கும், சோளகக் காற்றில் புழுதி பறப்பதைத் தவிர இடைஞ்சல் இல்லை. வாடகை வீடு பார்க்கவும் அதுதான் நேரம், ஏனென்றால் கிணற்றை ஆவணியில் பார்க்க வேண்டும். மார்கழியில் எல்லாக் கிணறும் நல்ல கிணறு. ஆனால் இடமாற்றக் கடிதம் ஆவணியில் வருவதில்லை. நாங்கள் வீடு பார்த்தது கார்த்திகையில். கிணற்றில் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் பளபளத்தது. வீட்டுக்காரரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டம்மாவிடம் "புரட்டாதியில் எத்தனை முழம் கயிறு விடுவீர்கள்?" என்று மாமி கேட்டார். அந்த ஒரு கேள்வியில் இரண்டு வீடுகள் கழிந்தன. வவுனியாவில் குழாய்நீர் வருகிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சில பக்கங்களில் கிணற்றுநீர் கேத்திலில் வெள்ளையாகப் படியும்.

கார்த்திகை நல்ல மாதம், ஆனால் மழையின் உச்சம். மார்கழி பாடசாலை விடுமுறைக்கு ஏற்ற மாதம், ஆனால் மழையும் உண்டு, புதுவீடு புகவும் கூடாது. 2018 டிசம்பரில் ஒரே இரவில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. தை பிறந்தால் வழி பிறக்கும் என்றாலும் லொறி பிறக்காது, மேலே சொன்ன காரணத்தால். மனைவி கடமையேற்ற பிறகு இரண்டு வாரம் எங்கே தங்குவது என்ற கேள்வியும் இருக்கிறது. பங்குனிக் கடைசி எல்லா வகையிலும் வசதி: அறுவடை முடிந்து, வீதி காய்ந்து, லொறி விலை இறங்கியிருக்கும். முழுவீடாக மாறுகிறவர், வேலைக்குப் போகிறவரை மட்டும் முதலில் ஓர் அறையெடுத்து அனுப்பிவிட்டு, சித்திரைக்கு முன் மிச்சத்தைக் கொண்டுபோவதே சிறந்தது என்று நினைக்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு தவணைகள் முன்பின்னாகக் குழம்பிக் கிடந்தாலும், புது வகுப்பில் முதல் நாளே போய் உட்கார வேண்டும் என்பதில் மனைவி உறுதி.

மாமி கார்த்திகையில் நாள் பார்த்துவிட்டார். நான் வானத்தைப் பார்த்தேன். "அந்த நாளில் மழை கொட்டினால்?" என்றேன். "மார்கழியில் என் பிள்ளை அடுப்பு மூட்டமாட்டாள்" என்றார். இந்த முடிச்சை அவிழ்த்தது லொறிக்கார அண்ணைதான். நல்லநாள் பாலுக்குத்தானே, சாமானுக்கு இல்லையே என்றார். இருபது வருடமாக மற்றவர் வீட்டுச் சாமானை ஏற்றுகிறவர். இதே சண்டையை எத்தனை வீட்டில் பார்த்திருப்பாரோ.

ஆகவே கார்த்திகையின் அந்த நல்லநாளில் மாமியும் மனைவியும் பஸ்ஸில் போனார்கள். சாமிப்படம், குத்துவிளக்கு, நிறைகுடத்துக்கு ஒரு செம்பு, உப்பு, மஞ்சள், ஒரு கொத்து அரிசி, பால் காய்ச்ச ஒரு பானை. இவ்வளவும் ஒரு கடகத்துக்குள். பால் பொங்கியது, விளக்கை ஏற்றிவிட்டுப் பின்னேரமே திரும்பிவிட்டார்கள். அதன் பிறகு சாமானுக்கு நாள்கோள் இல்லை, வானிலை மட்டும்தான். மார்கழியில் மூன்று நாள் வெயில் எறித்தபோது அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். வாடகை வீடென்றால் எவரும் இந்த வழியில் போகலாம். ஒன்றே ஒன்று, வீட்டுக்காரர் திறப்பை ஒரு மாதம் முன்பே தர வேண்டும், அந்த மாத வாடகையைக் கொடுக்க வேண்டும். மழையில் நனைந்த மெத்தையின் விலையோடு ஒப்பிட்டால் எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

அந்தக் கடகத்தின் அடியில் சீலையில் சுற்றியபடி குழவி இருந்தது என்று எனக்கு மாலையில்தான் தெரியும். அம்மியில் நான் சம்பல் அரைக்கப் போனேன்.

கட்டுவதைப் பற்றி நீட்டப் போவதில்லை. அட்டைப்பெட்டி விலைக்கு வாங்க வேண்டாம். கழுவிக் காயவைத்த உரப்பை துணிக்கும், பனையோலைக் கடகம் பாத்திரத்துக்கும், வைக்கோல் கண்ணாடிக்கும் போதும். வைக்கோலில் ஈரம் இருந்தால் மட்டும் பூஞ்சணம் பிடிக்கும். குளிர்சாதனப் பெட்டியை நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். படுக்கவைக்க நேர்ந்தால், நிமிர்த்திச் சில மணித்தியாலம் விட்ட பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். உள்ளே எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்ப நேரம் வேண்டும். எரிவாயு சிலிண்டரும் நிமிர்ந்தபடி, குழாய் கழற்றியபடி. பத்திரப் பை லொறியில் ஏறக்கூடாது, அது கையில். இதை வன்னியில் யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஏற்ற ஆட்கள் வைப்பதா, சொந்தக்காரரைக் கூப்பிடுவதா? கூலிக்கு வருபவர் வேகமாக ஏற்றுவார், எது முதலில் எது கடைசியில் என்று தெரியும், வேலை முடிந்ததும் போய்விடுவார். சொந்தக்காரர் கூலி கேட்கமாட்டார். மத்தியானம் கோழிக்கறியோடு சோறு கேட்பார், ஆளுக்கொரு யோசனை சொல்வார். அலுமாரிக் கால் உடைந்தால் கூலிக்காரரிடம் கேட்கலாம், மச்சானிடம் கேட்க முடியாது. பாரமான நான்கு சாமானுக்கு இரண்டு கூலியாட்கள், மிச்சத்துக்கு மச்சான் என்று வைத்தோம். வவுனியாவில் இறக்க ஆள் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஏற்றும் இடத்தில் பத்துப் பேர் நிற்பார்கள், இறக்கும் இடத்தில் ஓட்டுநரும் நீங்களும் நிற்பீர்கள்.

பழைய கதவு, நிலை, அறுத்த பலகை ஏற்றுவதென்றால் மரத்துக்கான அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். மாடு கொண்டுபோவதென்றால் கால்நடை வைத்தியரின் சான்றிதழிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் பசு என்னோடு நின்றது. தளபாடத்துக்குக் கிராம அலுவலரிடம் சாமான் பட்டியலோடு ஒரு கடிதம் வாங்கி வைத்தேன், வீதியில் யாரும் மறித்தால் பேச்சு சுருங்கும் என்பதற்காக. பிள்ளைகளின் விடுகைப் பத்திரத்தை விடுமுறை விடுமுன்பே கேளுங்கள். அரைவீடு போகிறவர் குடும்பப் பதிவையும் வாக்காளர் இடாப்பையும் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். எந்தப் பக்கம் நிலைக்கிறது என்று ஒரு வருடம் பாருங்கள். அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு பெறும் வீடென்றால் மட்டும் பிரதேச செயலகத்தில் முதலிலேயே விசாரியுங்கள்.

பாதை இரண்டு. ஒட்டுசுட்டானிலிருந்து நெடுங்கேணி வழியாகப் புளியங்குளத்தில் ஏறினால் தூரம் குறைவு, காடு அதிகம், பொழுதுபட்டால் யானை. மாங்குளம் போய் ஏ9 வழியாக இறங்கினால் தூரம் கூடுதல், வீதி அகலம், வழியில் ஏதும் நடந்தால் கடையும் ஆளும் உண்டு. பாரத்தோடு போகையில் மாங்குளம்தான்.

அண்ணை கொண்டுவந்தது, கடைச்சாமான் இறக்கிவிட்டுத் திரும்பும் ஒரு நண்பரின் சிறிய லொறி. காலை ஏழு மணிக்கு என்றவர் பதினொன்றுக்கு வந்தார். ஒழுங்கை வாசல் வரை மச்சானின் உழவு இயந்திரத்தில் கட்டில்களையும் அலுமாரியையும் கொண்டுபோய் மாற்றி ஏற்றினோம். இரண்டு முறை ஏற்றியதில் அலுமாரிக் கண்ணாடியில் ஒரு கீறல். ஓமந்தையைத் தாண்டும்போது மாமி லொறியை மறிப்பார்களா என்று கேட்டார். 2002இலிருந்து 2006 வரை அந்த இடத்துச் சோதனைச் சாவடியில் எல்லாச் சாமானையும் இறக்கி, விரித்துக் காட்டி, திரும்ப ஏற்றிய கை அது. "இல்லை மாமி, நேரே போகிறோம்" என்றேன். ஓட்டுநருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று திரும்பிப் பார்த்தார்.

தையில் அறுவடை தொடங்கியது. நான் முள்ளியவளையில், அவர்கள் வவுனியாவில். வெள்ளிக்கிழமைகளில் மனைவியும் பிள்ளைகளும் வந்தார்கள். சில வாரம் நான் போனேன். வாரம் ஒரு தடவை வளவைப் பார்க்க வரும்போதெல்லாம் மாமி முதலில் கிணற்றடிக்குப் போவார், பிறகு அம்மியடிக்கு. வவுனியாவில் அவர் மிக்சியில் அரைக்கப் பழகிவிட்டார் என்று மகள் சொன்னாள்.

பங்குனியில் நெல் விற்று முடிந்ததும், இனி லொறி மலிவு, அடுத்த ஓட்டத்தில் அம்மியையும் ஏற்றிவந்துவிடட்டுமா என்று மாமியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்துபோய்ச் சீலையில் சுற்றிய குழவியை எடுத்துவந்து என் பைக்குள் வைத்தார்.

"போகும்போது கொண்டுபோய் அம்மியில் வைத்துவிடுங்கள் தம்பி" என்றார்.